ஓடைத்தெருக் கல்லுக்குக் காய்ச்சல்

ஐப்பசி அடைமழை விட்ட மறுவாரம், செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, செவல்குறிச்சிப் பேரூராட்சி பதினொன்றாம் வார்டு ஓடைத்தெருவில், ஆஸ்பத்திரி கட்டப்போகிறோம் என்று ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நட்டுவைத்துவிட்டுப் போன அடிக்கல்லுக்குக் காய்ச்சல் வந்தது. நூற்றி ஒன்று. நம்பாதவர்கள் நம்பவேண்டாம், அவர்கள் வீட்டில் குழாயைத் திறந்தால் நல்ல தண்ணீர் வரும், அவர்களுக்கு இந்தக் கதை எதற்கு? எங்கள் தெருவில் ஒருத்தர்கூட "ஐயையோ, கல்லுக்கா!" என்று வாயைப் பிளக்கவில்லை. பிறந்த பிள்ளையிலிருந்து பல்லுப்போன கிழவர் வரைக்கும் எல்லாருக்கும் வந்தாயிற்று, ஆட்டுக்கு வந்தாயிற்று, கோழிக்கு வந்தாயிற்று, பாக்கி இருந்தது அந்தக் கல் ஒன்றுதான், அதுவும் எத்தனை மழைக்குத்தான் தாங்கும் பாவம் என்றுதான் பேசிக்கொண்டோம்.

கண்டுபிடித்தது தங்கபுஷ்பம் நர்ஸ். ஐந்து வார்டுக்கும் சேர்த்து அரசாங்கம் கொடுத்திருப்பது அவள் ஒருத்தியைத்தான். உட்கார இடம் கொடுக்கவில்லை. அதனால் செவ்வாயும் வெள்ளியும் ஸ்கூட்டியை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு, அந்த அடிக்கல்லில் முதுகைச் சாய்த்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் ரிஜிஸ்தரை விரித்து, கர்ப்பிணிகளுக்குச் சத்து மாத்திரை, பச்சைப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி, மற்ற எல்லாருக்கும் திட்டு என்று வரிசையாகக் கொடுத்துக்கொண்டிருப்பாள். அன்றைக்கு உட்கார்ந்தவள் விருட்டென்று எழுந்தாள். முதுகைத் தடவிப் பார்த்தாள், கல்லைத் தடவிப் பார்த்தாள். மேகம் மூடிக் கிடந்தது, வெயில் துளி இல்லை. "ஏ சண்முகத்தாயி, இங்க வா, நீ தொட்டுப் பாரு" என்றாள். தொட்டேன். எனக்குத் தெரியாத சூடா அது? "காய்ச்சல்தான்க்கா" என்றேன். அவள் பையிலிருந்து தர்மாமீட்டரை எடுத்தாள். கல்லுக்கு அக்குளுக்கு எங்கே போவது? பின்பக்கத்தில் உளி விட்ட பள்ளம் ஒன்று இருந்தது, அதில் செருகி, வாட்சைப் பார்த்து நிமிஷம் எண்ணி எடுத்தாள்.

நான் தீப்பெட்டி ஆபீஸில் லேபிள் ஒட்டுகிறவள். என் வீட்டுக்காரர் சோலையப்பன் லாரியில் லோடு ஏற்றுகிறவர். எங்களுக்குக் கதிரேசன் என்று ஒரு பிள்ளை இருந்தான். நாலு வயசு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே ஐப்பசியில் மூன்று நாள் காய்ச்சல் அடித்தது, நாலாம் நாள் வாந்தி எடுத்துத் துவண்டான். பெரியாஸ்பத்திரி முப்பத்தைந்து கிலோமீட்டர். பஸ்ஸில் என் மடியில் வைத்துக் கொண்டுபோனேன். ஒத்தப்பனை விலக்கு தாண்டும்போது "அம்மா, ஆஸ்பத்திரி வந்துருச்சா?" என்று கேட்டான். "இந்தா வந்துருச்சுய்யா" என்று பொய் சொன்னேன். அதற்கு மேல் அவன் எதுவும் கேட்கவில்லை. கல்லுக்குக் காய்ச்சல் வந்த அன்றைக்கு என் வயிற்றில் இன்னொன்று ஐந்து மாசம். இதையாவது காப்பாற்ற வேண்டும் என்கிற ஒரே நினைப்புதான் எனக்கு இருந்தது, வேறு நினைப்பே கிடையாது.

ஓடையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஊரில் இருக்கிற மார்க்கெட், லாட்ஜு, கல்யாண மண்டபம், அத்தனையின் கழிவும் சரிந்து வந்து சேர்கிற இடம் எங்கள் ஓடை. எங்களுக்கு வருகிற குடிதண்ணீர்க் குழாய் அந்த ஓடைக்குள்ளேயேதான் முங்கிக் கிடக்கிறது, துருப்பிடித்து, சாக்குக் கட்டி, அதற்கு மேல் இன்னொரு சாக்குக் கட்டி. மழை பெய்தால் குழாய்க்குள் ஓடை வரும். குழாயை மேலே தூக்கவும், வாய்க்காலை மூடவும், ஆஸ்பத்திரி கட்டவும் வருஷா வருஷம் பணம் ஒதுக்குகிறார்கள். பொய் சொல்லக்கூடாது, ஒதுக்கத்தான் செய்கிறார்கள். ஒதுக்கின பணம் ஒரு வருஷம் செலவாகாமல் திரும்பிப் போகும், இன்னொரு வருஷம் பேரூராட்சி ஆபீஸ் போகிற ரோட்டில் கலர் பல்பு போட்ட வளைவாக நிற்கும். "தூய்மை நகருக்கு நல்வரவு" என்று அதில் எழுதியிருக்கிறதாம். எரிச்சலாக வராதா?

கல்லுக்குக் காய்ச்சல் வந்ததும் தெரு அதைத் தன் வீட்டு ஆளாக எடுத்துக்கொண்டது. முதல் காரியமாக, அதன் மேல் ஒண்ணுக்கு அடித்துக்கொண்டிருந்த ஆண்பிள்ளைகள் வெட்கப்பட்டுக்கொண்டு வேறு இடம் தேடினார்கள், ஒன்பது வருஷமாக எழுதிப் போட்டும் நடக்காத காரியம் அது. தீப்பெட்டி ஆபீஸ் ஷிப்டு முடிந்து வருகிற பெண்கள் ஈரத்துணியைப் பிழிந்து நெற்றியில் போட்டார்கள், நெற்றி என்று எந்தப் பக்கத்தைச் சொல்வது என்று ஒரு நாள் முழுக்கச் சண்டை நடந்து, பேர்கள் வெட்டியிருக்கிற பக்கம்தான் முகம் என்று முடிவானது. நிலவேம்புக் கசாயம் காய்ச்சி ஊற்றினோம், குடித்தது. கல்லுக்கு வேர்த்தது, வேர்த்ததில் பொன் பெயிண்டு கரைந்து திறப்பாளர், முன்னிலை, தலைமை, வாழ்த்துரை என்று பதினோரு பேருடைய பெயரும் வழிந்து மண்ணோடு போயிற்று. டீக்கடைக் குருவையா காலையில் கடை திறந்ததும் "நேத்தைக்கு நூத்தி ஒண்ணு, இன்னைக்கு நூத்தி ஒண்ணே கால்" என்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி சொல்லுவான், கேட்டுவிட்டு ஆட்கள் வேலைக்குப் போவார்கள். விசாரிக்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வரக்கூடாது என்று ரொட்டிப் பாக்கெட்டு வாங்கி வந்தார்கள், அதை ஆடு தின்றது.

ஒரு மாசத்தில் புஷ்பக்கா ஒன்றைப் பிடித்துவிட்டாள். தெருவில் ஒரு வீட்டில் ஒரு ஆள் காய்ச்சலில் படுத்தால் கல்லுக்குக் கால் புள்ளி ஏறுகிறது, ஒரு ஆள் எழுந்தால் கால் புள்ளி இறங்குகிறது. "நான் வீடு வீடா ஏறி இறங்கி எடுக்கிற கணக்கு தப்பினாலும் இதுக்குத் தப்பல புள்ள" என்றாள். சொல்லும்போது அவள் முகம் சரியில்லை. என்னக்கா என்றேன். அவள் ரிஜிஸ்தரைத் திருப்பி வாசித்துக் காட்டினாள். ஒரு வாரத்துக்கு நாலு காய்ச்சல், ஐந்து காய்ச்சல், அதற்கு மேல் இல்லை. ஒரு வார்டில் ஐந்தைத் தாண்டினால் மேலாபீஸ் முகாம் போடவேண்டும், தண்ணீரைப் பரிசோதிக்கவேண்டும், குழாயை மாற்றவேண்டும், அதனால் தாண்டவிடமாட்டார்கள். "ஆறு எழுதினா போன் வரும். 'என்ன தங்கபுஷ்பம், ஊரையே படுக்கப் போட்டுட்டியா'ன்னு. நானும் பயந்துக்கிட்டு ஒண்ணைக் குறைச்சு எழுதுவேன். உன் மகன் படுத்திருந்த வாரம் நான் எழுதினது அஞ்சு, சண்முகத்தாயி. இருந்தது இருபத்தி ரெண்டு."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவள் முடியைப் பிடித்து இழுத்திருக்கவேண்டும். எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். மூன்று நாள் அவளோடு பேசவில்லை. நாலாம் நாள் அவளே வந்து, வாசலில் நின்றுகொண்டு, "இனிமே குறைச்சு எழுதமாட்டேன், வேலை போனாலும் போகட்டும்" என்றாள். "போங்கக்கா, போயி எழுதுங்க" என்றேன். வேறு என்ன சொல்ல?

அந்த வாரமே பார்த்து எங்கள் ஆட்கள் ஒரு காரியம் செய்தார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. உடம்பு அனலாக அடித்து மேலில் முத்துப் போட்டால் அது அம்மை, அம்மனே வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்று வாசலில் வேப்பிலை செருகுவோம், தாளிக்கமாட்டோம், டாக்டரைக் கூப்பிடமாட்டோம், கூப்பிட்டால் அம்மனுக்குக் கோபம் வரும். மார்கழிப் பனியில் ஒரு நாள் காலையில் கல்லின் மேல் முத்து முத்தாக வேர்வை நின்றது. பார்த்த ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவ்வளவுதான். மஞ்சத்துணி வந்தது, வேப்பிலை வந்தது, எலுமிச்சம்பழ மாலை வந்தது, மைக்செட்டு வந்தது. குருவையா டீ ஆற்றுகிற கையாலேயே விபூதி கொடுக்க ஆரம்பித்தான், பின்னால் டீ ஆற்றுவதையே விட்டுவிட்டான். காய்ச்சக்கல் மாரி என்று பேரும் வைத்தாயிற்று. பக்கத்து ஊர்களிலிருந்து வேன் வேனாக வந்து இறங்கினார்கள்.

புஷ்பக்காவுக்கு உட்கார இடம் போயிற்று. அவள் டீக்கடைப் பெஞ்சியில் உட்கார்ந்து மாத்திரையை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருப்பாள், ஒருத்தரும் போகமாட்டார்கள். வாசலில் ஆத்தாளே இருக்கும்போது ஊசி எதற்கு? மஞ்சத்தண்ணீர் போதும் என்றார்கள். மஞ்சத்தண்ணீர் எந்தக் குழாயில் பிடித்த தண்ணீர் என்று ஒரு நாதியும் கேட்கவில்லை. கல்லின் சூடு மட்டும் ஏறிக்கொண்டே போனது. நூற்றி இரண்டரை. நூற்றி மூன்று. ஏற ஏற ஆத்தாளுக்குச் சக்தி கூடுகிறது என்று குலவை போட்டோம். நானும்தான் போட்டேன், மறைப்பானேன்? வேப்பமரத்துக் கிளையில் மஞ்சத்துணியில் தொட்டில் கட்டி, அதில் ஒரு கூழாங்கல்லை வைத்து ஆட்டிவிட்டு, "தாயே, இந்தப் பிள்ளையையாவது எனக்குத் தா" என்று அழுதேன்.

தை பிறந்ததும் பேரூராட்சித் தலைவர் அருணகிரி வந்தார். ஒன்பது வருஷத்தில் ஓடைத்தெருவுக்குள் அவர் கார் நுழைந்தது அன்றைக்குத்தான். செருப்பைக் கழற்றிவிட்டு, மூக்கைப் பொத்தாமல், கல்லுக்கு முன்னால் நெடுஞ்சாண் கிடையாக விழுந்து எழுந்தார். பிறகு மைக்கை வாங்கினார். "பொதுசுகாதாரத் தலைப்பில பணம் தூங்குது. அதை எடுத்து ஆத்தாளுக்கு டைல்ஸ் போட்டு மண்டபம், பக்தர்களுக்கு நிழற்குடை, நாலு பக்கமும் வெளிச்சம் வர்ற மாதிரி உயர்கோபுர விளக்கு. மாசிப் பொங்கலுக்குள்ள முடிச்சுத் தாரேன். சம்மதமா?" தெருவே கை தட்டியது. தட்டுகிற சத்தத்துக்கு நடுவில் புஷ்பக்கா எழுந்து நின்று கேட்டாள்: "அப்ப ஆஸ்பத்திரி, தலைவரே?" அவர் சிரித்தார். "ஆத்தாளே இருக்கா, ஆஸ்பத்திரி எதுக்கும்மா?"

எங்கள் ஆட்களும் சேர்ந்து சிரித்தார்கள். நான் சிரித்தேனா என்று நினைத்துப் பார்க்கிறேன். சிரித்திருப்பேன்.

அதற்கு மறுநாள் எனக்குக் குளிர் எடுத்தது. எட்டாம் மாசம். மாமியாரும் அண்டைவீட்டுக்காரிகளும் வேப்பிலையை விரித்து அதில் படுக்கப் போட்டார்கள். மஞ்சத்தண்ணீர் கொடுத்தார்கள், குடித்தேன். இரண்டாம் நாளும் குடித்தேன். மூன்றாம் நாள் வயிற்றுக்குள் பிள்ளை அசையவில்லை. அசையவில்லை என்று தெரிந்ததும் எனக்குப் புத்தி வந்தது. நாக்கு புரளாமல், வீட்டுக்காரரின் சட்டையைப் பிடித்து இழுத்து, "புஷ்பக்காவைக் கூப்பிடுங்க" என்றேன். "ஆத்தா கோவிப்பாளே" என்று என் மாமியார் முனகினாள். "கோவிச்சா என்கிட்ட கோவிக்கட்டும், கூப்பிடுங்க!" என்று கத்தினேன்.

வந்தாள். தொட்டாள், காதுக்குழாயை வயிற்றில் வைத்துக் கேட்டாள், "துடிப்பு இருக்கு, மெதுவா இருக்கு, எடு வண்டியை" என்றாள். வண்டி எங்கே வரும்? அன்றைக்குத் தை வெள்ளி. தெரு முனையிலிருந்து கல் வரைக்கும் வேன்கள் மறித்து நின்றன, மைக்செட்டு அலறியது, நூற்றெட்டு ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டிலேயே நின்றுவிட்டது. சந்துக்குள் வளைந்து போகக்கூடியது குப்பை அள்ளுகிற பேட்டரி வண்டி ஒன்றுதான். அதில் சாக்கை விரித்து என்னைப் படுக்கவைத்தார்கள். கல்லுக்கு முன்னால் கூட்டம் வழிவிடவில்லை. பூசை நடக்கிறது, பொறுங்கள் என்றான் குருவையா. அப்போது புஷ்பக்கா போட்ட சத்தம் இருக்கிறதே, மைக்செட்டு அடங்கிப்போயிற்று.

"ஏலே குருவையா! நான் வருஷா வருஷம் மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிறவ. எனக்குச் சாமியைச் சொல்லித் தராத. சாமிக்குக் காய்ச்சல் வராது. காய்ச்சல் வந்தா அது நோயாளி. இந்தக் கல்லு ஒன்பது வருஷமா ஓடைத்தண்ணிக்குள்ள காலை ஊனிக்கிட்டு நிக்குது, உங்களை மாதிரியே. அதுக்கு வந்திருக்கிறதும் உங்களுக்கு வந்திருக்கிறதும் ஒரே சீக்கு. நீங்க அதுக்கு மாலை போட்டுட்டு இவளைச் சாகக் கொடுக்கப்போறீங்களா?"

 அவள் கூட்டத்துக்குள் புகுந்து போய், தர்மாமீட்டரைப் பள்ளத்தில் செருகி எடுத்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி "நூத்தி அஞ்சு" என்று வாசித்தாள். அங்கேயே ரிஜிஸ்தரைப் பிரித்து, சத்தமாகச் சொல்லிச் சொல்லி எழுதினாள். பெயர்: அடிக்கல். வயது: ஒன்பது. விலாசம்: ஓடைத்தெரு, பதினொன்றாம் வார்டு. நோய்: காய்ச்சல். தகப்பன் பெயர் என்ற இடத்துக்கு வந்ததும் கொஞ்சம் யோசித்து, பேரூராட்சி என்று எழுதினாள். அதற்குக் கீழே என் பெயர். என் பெயருக்குக் கீழே, அந்தக் கூட்டத்தில் மஞ்சத்துணியும் நடுக்கமுமாக நின்ற ஒவ்வொருத்தர் பெயரும். முதலில் எங்கள் தெரு ஆட்கள் கையை நீட்டினார்கள், பிறகு வேனில் வந்தவர்களில் சிலரும் நீட்டினார்கள். அதற்குள் வேன்களை ஒதுக்கி என் வண்டியை மெயின் ரோட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள், முதல் ஆளாக நின்று தள்ளியவன் குருவையா. ஆம்புலன்ஸ் ஒத்தப்பனை விலக்கு தாண்டும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன், வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். இந்தப் பிள்ளை தாண்டிற்று.

எட்டு நாள் பெரியாஸ்பத்திரியில் கிடந்தேன். பிள்ளை திரும்பவும் உதைக்க ஆரம்பித்தது. திரும்பி வந்தபோது மஞ்சத்துணியைக் காணோம், மைக்செட்டைக் காணோம், குருவையா கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தான், என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டான். புஷ்பக்கா அறுபத்தி மூன்று பேர் என்று ஒளிக்காமல் எழுதி மேலே அனுப்பிவிட்டாள். அதற்கு அவளுக்கு ஒரு மெமோ வந்திருந்தது. பொய்க் கணக்கு எழுதியதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். இத்தனை வருஷம் எழுதிய பொய்க்கு ஒருத்தனும் மெமோ கொடுக்கவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள். அவள் அந்தத் தாளைக் கொண்டுபோய்க் கல்லின் நெற்றியில் ஒட்டினாள், அது ஓரம் கருகிச் சுருண்டு விழுந்தது. "இதான் விளக்கம்" என்றாள்.

பிறகு அவள் பையிலிருந்து பரிந்துரைச் சீட்டு ஒன்றை எடுத்தாள். பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புகிற நோயாளிகளுக்கு எழுதிக் கொடுக்கிற அதே சீட்டு. அடிக்கல், வயது ஒன்பது, மேல் சிகிச்சைக்காக அனுப்பப்படுகிறது. எந்த இடத்துக்கு என்ற கோட்டில் பேரூராட்சி மன்றக் கூட்டரங்கு என்று சொல்லிக்கொண்டே எழுதினாள். "ஆஸ்பத்திரிக்கு எழுதாம இங்க எதுக்குக்கா?" என்றேன். "மருந்து எங்க இருக்கோ அங்கதான புள்ள அனுப்பணும்" என்றாள்.

மாசி முதல் தேதி மன்றக் கூட்டம். மண்டபத்துக்கு டைல்ஸ் வாங்கத் தீர்மானம் போடப்போகிற கூட்டம். அன்றைக்குத் தீப்பெட்டி ஆபீஸில் லேபிள் ஒட்ட ஒரு பெண்ணும் போகவில்லை. கடப்பாரை போட்டு நெம்பினோம், கல் தானாக எழுந்து வருகிற மாதிரி லேசாக வந்தது, அடியில் ஓடைத்தண்ணீர் கொப்பளித்தது. கைக்குக் கைத்துணி சுற்றிக்கொண்டு குப்பை வண்டியில் ஏற்றி, போர்வை போர்த்தி, நோயாளிக்குக் குலுங்காமல் மெள்ள மெள்ளத் தள்ளிக்கொண்டு, மார்க்கெட் வழியாக, லாட்ஜு வழியாக, கல்யாண மண்டபம் வழியாக, கலர் பல்பு வளைவுக்கு அடியில் புகுந்து போனோம். நான் நிறைமாத வயிற்றோடு முன்னால் நடந்தேன். உட்காரு உட்காரு என்றார்கள், உட்காரவில்லை. வழியில் கடைக்காரர்கள் எழுந்து நின்று "யாருக்கு என்ன?" என்று கேட்டார்கள். "அடிக்கல்லுக்குக் காய்ச்சல், சேர்க்கப்போறோம்" என்றோம். "அடடா, எத்தனை நாளா?" என்று விசாரித்தார்கள்.

கூட்டரங்கில் தலைவர் நாற்காலிக்கு எதிரே, நீள மேசையின் நடுவில், எட்டுப் பேர் தூக்கி வைத்தோம். புஷ்பக்கா சீட்டை நீட்டினாள். "நோயாளியை ஒப்படைச்சாச்சு. சேர்த்துக்கிட்டோம்னு கையெழுத்துப் போடுங்க."

அருணகிரிக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னம்மா விளையாடுறீங்களா? வெளிய கொண்டு போங்க."

"காய்ச்சல் இறங்கினாக் கொண்டு போறோம்" என்றேன் நான்.

"கல்லுக்கு எப்படிம்மா இறங்கும்?"

"குழாயை ஓடைக்குள்ள இருந்து தூக்குங்க. வாய்க்காலை மூடுங்க. ஆஸ்பத்திரியைக் கட்டுங்க. இறங்குதா இல்லையான்னு தொட்டுப் பாருங்க."

போலீஸ் வந்தது. இரண்டு பேர் தூக்கப் போய்க் கையைச் சுட்டுக்கொண்டார்கள். ஐஸ் கட்டி வாங்கி வந்து கொட்டினார்கள், கொதித்து ஆவியாகப் போயிற்று. மேசை கருகியது. ஏசி நின்றுபோனது. தண்ணீர் வைத்த கண்ணாடித் தம்ளர்களில் குமிழி கட்டியது. டைல்ஸ் தீர்மானம் எழுதின தாள் சுருண்டுகொண்டு விரியவே மாட்டேன் என்றது. கூட்டத்தை அடுத்த அறைக்கு மாற்றினார்கள், அங்கேயும் சுவர் வழியாகச் சூடு வந்தது. இரண்டாம் வாரம் பேரூராட்சி ஆபீஸ் முழுவதும் நூற்றி ஐந்து டிகிரியில் உட்கார்ந்து வேலை செய்தார்கள். எங்கள் தெருக்காரர்கள் எத்தனை வருஷம் அப்படி வேலைக்குப் போனோம், அவர்களுக்கு ஒரு வாரம் தாங்கவில்லை.

தலைவர் இறங்கி வந்தார். மூன்று நாள் மருத்துவ முகாம் போடுகிறேன் என்றார். வேண்டாம் என்றோம். ஆளுக்கு ஒரு கொசுவலை என்றார். வேண்டாம் என்றோம். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உனக்கு ஆபீஸ்லயே ஒரு வேலை போட்டுத் தாரேன்மா, நீ ஒரு வார்த்தை சொன்னா மத்தவங்க கேப்பாங்க" என்றார்.

 "என் மகன் பஸ்ஸில என் மடியில செத்தான், தலைவரே. ஆஸ்பத்திரி வந்துருச்சான்னு கேட்டுக்கிட்டே செத்தான். வரலைன்னு சொல்ல எனக்கு வாய் வரல. இப்ப சொல்றேன், உங்க முகத்தைப் பார்த்துச் சொல்றேன்: வரல. ஒன்பது வருஷமா வரல. வர்ற வரைக்கும் அந்தக் கல்லு அங்கதான் இருக்கும், நாங்க வாசல்ல இருப்போம்" என்றேன். அவர் துண்டால் கழுத்தைத் துடைத்தார். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது, காரில் ஏறிப் போய்விட்டார்.

இருந்தோம். ஷிப்டு ஷிப்டாக, தீப்பெட்டி ஆபீஸில் உட்காருகிற மாதிரியே வரிசை பிடித்து வாசலில் உட்கார்ந்திருந்தோம். பதினேழாம் நாள் எனக்கு வலி எடுத்து, பெரியாஸ்பத்திரியில் பெண்பிள்ளை பிறந்தது. அன்றைக்கே மாவட்டத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். அறுபத்தி மூன்று பெயரையும் வைத்துக்கொண்டு வீடு வீடாக ஏறினார்கள், குழாய்த் தண்ணீரைக் குப்பியில் பிடித்தார்கள், கடைசியில் கூட்டரங்குக்குப் போய்க் கல்லைத் தொட்டுப் பார்த்தார்கள். வந்தவர்களில் பெரிய அதிகாரி ஒரு அம்மா, அவர் கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாராம், பிறகு "யார் இந்த நர்ஸ்?" என்று கேட்டாராம். மெமோவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

செலவழிக்கவே முடியாது என்று சொன்ன பணம் எப்படித்தான் செலவானதோ! குழாயை ஓடையிலிருந்து தூக்கித் தெரு மேலே கொண்டுவந்தார்கள். வாய்க்காலை மூடினார்கள். ஊர்க் கழிவைச் சுத்தம் பண்ணுகிற தொட்டி ஒன்று ஊருக்கு வெளியே வந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் நல்ல தண்ணீர் இணைப்புக் கொடுக்கக் கொடுக்கக் கல்லுக்குக் கால் கால் புள்ளியாக இறங்கியது, தினமும் புஷ்பக்கா போய்ப் பார்த்து வந்து சொல்லுவாள். ஆஸ்பத்திரி நாலு சுவரும் கூரையுமாக எழுந்து நின்றபோது, திறப்பு விழாவுக்குப் பெயர் வெட்டிப் புதுக்கல் ஒன்று பதிக்கவேண்டும் என்று அருணகிரி ஆள் அனுப்பினார். ஓடைத்தெருப் பெண்கள் அத்தனை பேரும் வாசலை மறித்து நின்றோம். கல்லும் வேண்டாம், ரிப்பனும் வேண்டாம், டாக்டர் வந்தால் போதும் என்று திருப்பி அனுப்பிவிட்டோம்.

ஆவணி மாசம் ஒரு திங்கட்கிழமை டாக்டர் வந்தாள். சின்னப்பெண், படிப்பை முடித்து இரண்டு வருஷம்கூட ஆகியிருக்காது. மேளம் இல்லை, மைக்செட்டு இல்லை. காய்ச்சல் இறங்கின கல்லைச் சொன்னபடியே திரும்பக் கொண்டுவந்து வேப்பமரத்தடியில் போட்டிருந்தோம். புஷ்பக்கா நாற்காலியில் உட்கார்ந்து, அவளுக்கு என்று ஒரு மேசையில், புது ரிஜிஸ்தரைப் பிரித்தாள். தெருவே வரிசையில் நின்றது. முதல் ஆளாக என்னை விட்டார்கள். ஆறு மாசப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

டாக்டர் பிள்ளையின் நெற்றியைத் தொட்டாள். கண்ணைப் பார்த்தாள், நாக்கைப் பார்த்தாள், நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டாள், வயிற்றை அமுக்கினாள். பிள்ளை அவள் குழாயைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டு சிரித்தது.

"குழந்தைக்கு என்னம்மா செய்யுது?"

"ஒண்ணும் செய்யல டாக்டரம்மா."

"அப்புறம் எதுக்குக் கொண்டுவந்தீங்க?"

"ஒண்ணும் இல்லைன்னு நீங்க பார்த்துச் சொல்லணும். சொன்னதை எழுதணும். எங்க தெருவில ஒரு பிள்ளைக்கும் இதுவரைக்கும் ஒரு டாக்டர் அப்படி எழுதினதில்லை."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், புஷ்பக்காவைப் பார்த்தாள். புஷ்பக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ரிஜிஸ்தரை அவள் பக்கம் நகர்த்திவைத்தாள். டாக்டர் பேனாவை எடுத்து, முதல் வரியில் என் மகள் பெயரைக் கேட்டு எழுதி, அதற்கு நேரே, நிதானமாக, நோய் எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எனக்கு வாசிக்க வராது. புஷ்பக்காவை மூன்று தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.